சிதம்பரம் வளர்த்த சம்பு

ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் பம்ப் ஓட்டியவர் சிதம்பரம். குவார்ட்டர்ஸ் தொட்டிகளில் தண்ணீர் ஏற்றுவதுதான் வேலை. ரிடையர் ஆனதும் வங்காளத்திலேயே, நியூ டவுனில் நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கி, மனைவி பூங்கோதையுடன் குடிவந்தார். ஜன்னலைத் திறந்தால் குளம் தெரியும் என்று விற்றவன் சொன்னது உண்மைதான். குளம் நாறும் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

வாசலில் கீரை விற்கும் சாவித்திரிதான் வழி சொன்னாள். "ஹோக்லா நடுங்க தாதா. அழுக்கெல்லாம் அது தின்னுடும்." வங்காளிகளுக்கு அண்ணன் தாதா, அக்கா திதி; அவர்களுடைய ஹோக்லாவும் வேறொன்றுமில்லை, நம் ஊர் சம்புதான், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து பழுப்புக் கதிர் விடுமே, அது. தன் ஊர் வாய்க்காலிலிருந்து ஒரு சாக்கு நிறையக் கிழங்கு கொண்டுவந்தாள். இருவரும் முழங்கால் சேற்றில் இறங்கி நட்டார்கள். மேலேயிருந்து பார்த்த பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. சிதம்பரம் தினமும் பிளாஸ்டிக் கவர்களைப் பொறுக்கினார். குளத்தின் நடுவே படர வந்த கிழங்குகளைத் தோண்டி எடுத்துக் கரையோரமே நட்டார். நாற்றம் போன இடம் தெரியவில்லை. நீர்க்கோழி ஒன்று குஞ்சு பொரித்தது. காலையில் நடக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்தாமல் நின்று அவரிடம் நாலு வார்த்தை பேசினார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வேலையில் இருந்தபோது தண்ணீர் வராத நாளில் மட்டும்தான் அவரைத் தேடுவார்கள்.

போன ஜனவரியில் வினை வந்தது. பனியில் சம்பு காய்ந்து நின்றது. "காடு மாதிரி இருக்கே" என்று முகம் சுளித்தார் குடியிருப்புக் கமிட்டிச் செயலாளர் சென்பாபு. போகி வேறு. பழைய பாயும் துடைப்பமும் வீட்டில் இருக்கக்கூடாத நாளில், குளக்கரையில் இத்தனை சருகு நிற்கலாமா? சிதம்பரம் அரிவாளோடு இறங்கி, நீர் வற்றிய கரையில் அத்தனையையும் சேற்றோடு ஒட்ட வழித்துவிட்டார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள், அங்கே தையில் வரும் சரஸ்வதி பூஜைக்கு விளக்கு மிதக்கவிட வேண்டுமென்று கமிட்டி போர் தண்ணீரை விட்டுக் குளத்தை நிரப்பியது. வெட்டிய கட்டைகள் ஒன்றரை அடி ஆழத்தில் மூழ்கின.

கூடையோடு வந்த சாவித்திரி பார்த்ததும் கத்திவிட்டாள். "இப்படியா வெட்டுவாங்க? காய்ஞ்ச தண்டு வழியாத்தான் அது மூச்சு விடும் தாதா! தண்ணிக்கு மேல ஒரு முழம் விட்டிருக்கணும். இப்படியே கிடந்தா கிழங்கு அழுகிடும்."

சிதம்பரம் சாயங்காலமே கமிட்டிக் கூட்டத்துக்குப் போனார். பனியில் பட்டுப்போயிற்று என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பு அவருக்கும் வந்தது, போயிற்று.

"தப்பு என்னோடது. அடியோட வெட்டிட்டேன். ரெண்டு அடி தண்ணிய இறக்கினா பிழைச்சுக்கும்" என்றார், தனக்குத் தெரிந்த வங்காள மொழியில்.

"ஹோலி வரைக்கும் குளம் நிறைஞ்சு இருக்கணும்னு முடிவு பண்ணியிருக்கோமே" என்றார் சென்பாபு.

"அதுக்குள்ள செத்துடும் சார்."

சென்பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் ரூம் ஜன்னல் நாலு வருஷம் மூடியே கிடந்தது. இப்ப திறந்து வெச்சுத் தூங்கறேன். இறக்குங்க. விளக்கைப் படியில வெச்சுக்கலாம்."

சிதம்பரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் காலையில் டீசல் பம்ப் வந்தது. ஆயுசு முழுக்கத் தண்ணீர் ஏற்றியவர், முதல்முறையாக இறக்கினார். மத்தியானம் கட்டைகள் தலைகாட்டியபோது அவர் பம்ப் மேல் குனிந்திருந்தார். மாடியிலிருந்து பூங்கோதைதான் முதலில் பார்த்தாள். "என்னங்க, தெரியுது! தெரியுது!" என்று கூவினாள்.

பிறகு காத்திருப்புதான். பிப்ரவரி முழுக்க வெறும் சேறு. சிதம்பரம் சாப்பாட்டில்கூட மனம் வைக்கவில்லை. மார்ச் பிறந்ததும் கிழக்குக் கரையில் பச்சை ஊசி ஊசியாகக் கிளம்பியது. மேற்குக் கரை முழுக்க அழுகிப்போயிருந்தது. பாதியாவது மிஞ்சியதே! சிதம்பரம் வாசலுக்கு ஓடி, சாவித்திரியைக் கூடையும் கையுமாக அழைத்துவந்து முளைகளைக் காட்டினார். நாலு பேர் நடமாடும் இடம் என்றும் பாராமல் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உங்களாலதான் திதி. இல்லேன்னா வளர்த்த கையாலேயே கொன்னிருப்பேன்."

சாவித்திரிக்கு வெட்கமாகிவிட்டது. "கும்பிடெல்லாம் எதுக்கு தாதா? அடுத்த பனிக்கு அரிவாளை என்கிட்ட கொடுத்துடுங்க, அது போதும்."

சிதம்பரம் அடுத்த பனிவரை காத்திருக்கவில்லை. மாடிக்குப் போய் அரிவாளை எடுத்துவந்து, அப்போதே அவள் கூடையில் கீரைக்கட்டுகளின் மேல் வைத்தார்.