ஏழு மில்லிமீற்றர்

என் அக்கா சிசிலியாவின் உயரம் நாலடி பத்தங்குலம். ஒரு நூல் கூடவும் இல்லை, ஒரு நூல் குறையவும் இல்லை. எனக்கு ஐந்தடி இரண்டு. ஆனால் எனக்கு இரத்தத்தைக் கண்டாலே தலை சுற்றும். குருநகரில் தூண்டில் முள் ஏறிய கையோடு யார் வந்தாலும் அக்காவைத்தான் தேடுவார்கள். முள்ளைக் கழற்றி, கழுவி, துணி சுற்றி, "நாளைக்கு வந்து காட்டுங்கோ" என்று அனுப்புவாள். நேர்ஸ் ஆவதைத் தவிர வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை. கடவுள் எங்கள் இருவருக்கும் உயரத்தை மாற்றிப் பங்கிட்டுவிட்டார் என்று எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

1978இல் தாதிப் பயிற்சிக்கு நேர்முகத்துக்குப் போனாள். நாலடி பத்தங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. சுவரில் பென்சிலால் ஒரு கோடு கீறியிருந்தார்கள். அக்காவின் உச்சந்தலை கோட்டில் சரியாக முட்டியது. உயரம் சரி என்று எழுதிக் காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவதாகப் போட்டார்கள். பட்டியல் இரண்டாவது ஆளோடு நின்றுவிட்டது. அடுத்த வருடம் விளம்பரம் வந்தபோது அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. அதற்கு மேல் எடுக்கமாட்டார்கள். இதுதான் கடைசித் தடவை.

பேப்பரை விரித்தால் அடியையும் காணோம், அங்குலத்தையும் காணோம். "உயரம் 148 செ.மீ.க்குக் குறையாதிருத்தல் வேண்டும்" என்றிருந்தது. நாடு மெற்றிக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலம். துணியை மீற்றரில் கிழித்தார்கள், மண்ணெண்ணெயை லீற்றரில் ஊற்றினார்கள். எங்கள் அப்பா லியோன் மீனுக்கு இறாத்தலில் விலை சொல்லி, கிலோவில் நிறுத்துக் கொடுத்து, தினமும் ஏச்சு வாங்கினார். அதெல்லாம் போகட்டும். அக்கா என் கொப்பியை இழுத்து, ஐம்பத்தெட்டு அங்குலத்தை இரண்டு புள்ளி ஐந்து நாலால் பெருக்கினாள். நூற்று நாற்பத்தேழு புள்ளி மூன்று இரண்டு வந்தது. மூன்று தரம் பெருக்கியும் அதுவேதான் வந்தது. ஏழு மில்லிமீற்றர் குறைகிறது! கதிரையில் சாய்ந்துகொண்டு நாற்பத்தேழை நாற்பத்தெட்டாக்கிய மகராசன் யாரோ, அவன் கை அழுக!

மருந்துச்சாலை டொக்டர் செபநாயகம் ஒரு வழி சொன்னார்.

"காலமை படுக்கையாலை எழும்பேக்கை ஆள் கொஞ்சம் உயரமாய் இருக்கும், பிள்ளை. நிண்டு நடக்க நடக்கக் குறைஞ்சுபோம். எழும்பின கையோடை அளந்தால் ஒருவேளை காணும்."

அப்பா அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். நேர்முகம் நடக்கும் கந்தோர் பட்டினத்தில், ஒன்றரை மைல் தூரம். நடந்தால் உயரம் போய்விடும் என்று, அடைக்கலநாதன் அண்ணையின் மீன் வண்டிலைக் கழுவிப் பாய் விரித்து, விடியற்காலையில் அக்காவை அதில் படுக்க வைத்தார். அவள் வெட்கத்தில் வெள்ளைப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அப்பா தள்ள, நான் அவளுடைய செருப்பையும் சான்றிதழ்களையும் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். கோயிலடியில் ஒரு பெரியவர் சைக்கிளால் இறங்கி நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆர் பிள்ளை?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

"எங்கடை அக்கா. நேர்ஸ் வேலைக்குப் போறா."

பாவம், மனிதர் என்னை விசரி என்று நினைத்திருப்பார்.

எட்டு மணிக்கு வரச் சொன்னவர்கள் பெயர் கூப்பிட்டது பின்னேரம் மூன்றரைக்கு. விறாந்தையில் குந்துவதற்குக் கிடந்த ஒரேயொரு வாங்கிலும் இடமில்லை. நிலத்திலாவது படு என்று அக்காவைக் கெஞ்சினேன்.

"சனம் பாக்குது. சும்மா நில்லடி," என்றாள்.

வண்டிலில் பத்திரமாகக் கொண்டுவந்த உயரம் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

உள்ளே அதே சுவர், அதே பென்சில் கோடு. பக்கத்தில் புதிதாக ஒரு சென்ரிமீற்றர் நாடாவை ஒட்டியிருந்தார்கள். அளந்தவரும் போன வருடம் அளந்த அதே கந்தோர் அம்மாதான்.

"நூற்று நாற்பத்தேழும் சொச்சமும். காணாது பிள்ளை."

"மிஸ், போன வருசம் நீங்கள்தானே அளந்து சரியெண்டு எழுதினனீங்கள்? இந்தக் கோட்டிலை இப்பவும் முட்டுறன்தானே?"

"ஓம், முட்டுறீர். ஆனால் அது பழைய கோடு."

"ஆள் நான்தானே மிஸ்?"

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுசி இல்லை. "நாற்பத்தேழு எண்டு போட்டால் நாலு பத்துக்குக் கொஞ்சம் குறைஞ்ச ஆக்களும் வந்திடுவினமாம். அதாலை ஒண்டைக் கூட்டிப் போட்டிட்டினம். நான் என்ன செய்ய?"

வீட்டுக்கு வந்ததும் அக்கா மனு எழுதக் குந்தினாள். நான் எழுதியிருந்தால் தாள் கிழியக் கிழிய ஏசியிருப்பேன். அவள் கணக்கு முழுவதையும் வரி வரியாகச் செய்து காட்டி, பழைய விதிப்படி தகுதியானவர்கள் புதிய விதியால் எப்படித் தள்ளுப்படுகிறார்கள் என்று பணிவாக எழுதினாள். பதில் வராத ஒவ்வொரு மாதமும் அதையே திரும்ப எழுதி அனுப்பினாள். ஏழு மாதம் அப்படிப் போயிற்று.

எட்டாம் மாதம் பதில் வந்தது, தட்டச்சில், முத்திரையோடு. அம்மா குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தார். நான்தான் உரத்து வாசித்தேன்.

"செல்வி லி. சிசிலியா அவர்கட்கு. உயர நிபந்தனையில் தாங்கள் சுட்டிக்காட்டிய தவறு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆட்சேர்ப்பிலிருந்து இது திருத்தப்படும். தங்களுக்கு எமது நன்றி."

"பாத்தியே, என்ரை பிள்ளை கந்தோரையே வெண்டிட்டாள்!" என்று அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டார். அப்பாவும் சிரித்தார்.

அக்கா அம்மாவின் கையை மெல்ல விலக்கினாள்.

"அடுத்தமுறை ஆள் எடுக்கேக்கை எனக்கு எத்தினை வயது, அம்மா?"

அம்மா விரல் மடித்து எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.