நாற்பத்தேழாம் நாள் கங்கோங் கீரை

சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவள் நான். யாரிடமும் போய் எதையும் கேட்டு நின்றதில்லை. இப்போது ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கேயும் அப்படித்தான்.

மருமகள் சிலிம் ரிவர் பெண். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். இரண்டு முறை அவளுக்கு வயிற்றில் தங்காமல் போனது. மூன்றாவது முறை நாலு மாசம் தாண்டியதும், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று அவளுக்காக வேண்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் விரதம். மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது. அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சமைத்துப் போட்டாள்.

நாற்பத்தேழாம் நாள் மத்தியானம் கங்கோங் கீரை வதக்கி வைத்திருந்தாள். நாலு வாய் சாப்பிட்டிருப்பேன், பெலாச்சான் வாடை. கூனி இறாலை உப்புப் போட்டு இடித்துச் செய்கிற அந்தக் கட்டியின் வாடையை என் மூக்கு தூக்கத்திலும் கண்டுபிடிக்கும். இந்த ஊரில் பெலாச்சான் போடாமல் கங்கோங் வதக்குகிறவர்கள் யார்? கைப்பழக்கத்தில் போட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். அவள் வயிற்றில் இருப்பதற்கு ஏதாவது ஆகிவிட்டால்? வயிற்றைத் தூக்கிக்கொண்டு நின்று சமைத்தவளிடம், என் விரதத்தைக் கெடுத்துவிட்டாயே என்று எப்படிக் கேட்பது? கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.

அவள் போய்ப் படுத்ததும் அடுப்படிக்குள் நுழைந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற படிப்புதான் எனக்கு, அதுவும் தமிழ் மட்டும். டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். குப்பைக் கூடையையும் கிளறினேன்.

"அத்தை, என்ன தேடுறீங்க?"

பின்னால் நிற்கிறாள்.

"ஒன்னுமில்லம்மா. உப்பு."

"உப்பு குப்பையிலயா இருக்கு?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "கீரையில பெலாச்சான் போட்டியா?"

"ஐயோ, உங்க கீரையிலயா? உப்பும் காஞ்ச மொளகாயும்தான் அத்தை. நீங்க வெரதம் ஆரம்பிச்ச அன்னிக்கே தனியா ஒரு குவாலி வாங்கிட்டேன். பாருங்க, மாறிடக் கூடாதுன்னு பிடியில செவப்புக் கயிறு கட்டி வச்சிருக்கேன். அதுல ஒரு முட்டைகூட ஒடச்சதில்ல."

மேல்தட்டில் அந்த வாணலி தனியாக இருந்தது. இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை.

"அப்ப வாடை? என் மூக்கு பொய் சொல்லாதும்மா."

அவள் போய்ப் பின்கதவைத் திறந்தாள். குப்பென்று அடித்தது.

"பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, மக்சிக் லா! நாளைக்கு அவங்க வீட்டுல விருந்து. மத்தியானத்துலேருந்து பெலாச்சான் சுட்டுச் சம்பல் இடிக்கிறாங்க. உங்க மூக்கு சரிதான் அத்தை, வீடுதான் மாறிப்போச்சு."

நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் பசி தெரிந்தது.

"மிச்சக் கீரை இருக்கா?"

"மூடி வச்சிருக்கேன்."

ஆறிப்போன கீரையை ஒரு காம்பு விடாமல் தின்றேன். அவளும் எதிரே உட்கார்ந்து என் தட்டிலிருந்தே எடுத்துத் தின்றாள்.

மறுநாள் குடத்துப் பால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பேத்தி இப்போது தவழ்கிறாள். மக்சிக் வீட்டில் பெலாச்சான் சுட்டால் போதும், நேரே பின்கதவுக்குப் போய்விடுகிறாள். மூக்கு என் மூக்கு. மருமகளே ஒத்துக்கொள்கிறாள்.