நூல் கோடும் என் மச்சானும்

மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை இந்த நெய்வேலியில் என்னைப் போல் கையாண்டவன் கிடையாது. ஜப்பான்காரனே என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறான்.

இன்று காலை எங்கள் கான்ட்ராக்ட் பட்டறைக்கு ஒரு எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேருக்கு வந்தது. கரி அரைக்கும் தனியார் ஆலையில் கரி ஓடும் பெல்ட்டில் ஆள் சிக்கினால், ஓரத்தில் கட்டிய அவசரக் கயிற்றை இழுப்பார்கள். உடனே பெல்ட்டை நிறுத்த வேண்டியது இந்த போர்டுதான்.

ஸ்கோப்பில் மாட்டினேன். 'பீக்' மோடில் கோடு கம்பளிப்பூச்சி மாதிரி தடித்திருந்தது. அவ்வளவும் நாய்ஸ், சிக்னலைக் குழப்பும் மின் இரைச்சல். 'ஆவரேஜ்' மோடுக்கு மாற்றினேன். கோடு நூலாகிவிட்டது.

"பாத்தியாம்மா, மாமா கை வச்சதும் நாய்ஸ் ஓடிப்போச்சு!" என்றேன், புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் கவிதாவிடம்.

"எங்கயும் ஓடலைங்க மாமா. ஆவரேஜ்ல கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான். போர்டுக்குள்ள அப்படியே இருக்கு. கயிறு இழுத்தாலும் பெல்ட் நிக்காம போவலாம்."

சூப்பர்வைசர் ரிப்போர்ட்டுக்கு நூல் கோட்டைத்தான் போட்டோ எடுத்தார். "எந்த மோடுன்னு யாருங்க கேக்கப்போறா? பெரியவரே சரின்னுட்டாரு" என்று என்னைக் காட்டினார். போர்டு வண்டி ஏறிவிட்டது.

என் மச்சான் செல்வம் அந்த பெல்ட்டில்தான் கரி தள்ளுகிறான். போன் போட்டேன்.

"டேய், இன்னிக்கு லீவு போடுறா."

"கான்ட்ராக்ட்டுக்கு ஏது மாமா லீவு? ஷிப்டுக்குத்தான் போய்க்கினு இருக்கேன். போர்டு நீங்க பாத்ததாமே? அப்புறம் என்ன பயம்?"

வைத்துவிட்டான்.

இத்தனை வருடத்தில் என் பேச்சை ஒருவன் முழுதாக நம்பியது இன்றுதான். நீங்களாவது நம்பவில்லை என்று கீழே கமென்ட்டில் எழுதுங்கள், அவனுக்கு அனுப்புகிறேன்.