இரண்டு ஆள் கிளப்பிய வண்டி

எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதுகளின் கடைசி வரை, திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரில், என் கொட்டகையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று டிராக்டர்கள் நின்றன. மூன்றில் எது நல்ல வண்டி என்று பழைய வண்டிகளில் ஆசை உள்ளவர்கள் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். நான் இன்டர்மீடியட் வரை படித்தவன். எண்ணாமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. மூன்று வண்டிக்கும் தனித்தனி நோட்டு வைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தால் ஒரு பதிலும் பார்க்காவிட்டால் வேறொரு பதிலும் வருவதுதான் எனக்குள்ள தொல்லை.

முதல் வண்டியை நானும் என் தங்கை கணவரும் கூட்டாக வாங்கினோம். என்னைவிட நான்கு வயது இளையவர். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். வண்டி வருவதற்கு முந்தின மாசியில் என் மனைவி தவறிவிட்டாள். மகனுக்குப் பம்பாயில் வேலை. தங்கைக்கு முட்டி வலி, வாசலைத் தாண்டுவது அரிது. ஆக, என் வீட்டுக்குள் வந்து என்னோடு பேசுகிற ஆள் என்று பார்த்தால் மாப்ள ஒருவர்தான். அவர் வீட்டிலிருந்து என் கொட்டகைக்கு என் நடையில் நானூற்றுப் பன்னிரண்டு காலடி. அவர் காலடி என்னுடையதைவிட நீளம், அவருக்கு முந்நூற்று எண்பதுக்குள் முடிந்திருக்கும்.

அந்த வண்டி ஒற்றை சிலிண்டர். பேட்டரி கிடையாது, சாவியைத் திருகினால் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் கிடையாது. முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்ற வேண்டும். எஞ்சினுக்குள் காற்று அடைபட்டால் ஹேண்டில் சுற்றாது. அதனால் பக்கத்தில் உள்ள நெம்பு என்று நாங்கள் சொல்லும் சின்ன நெம்புகோலைத் தூக்கிப் பிடித்துக் காற்றை வெளியே விட வேண்டும். சுற்று வேகம் பிடித்ததும் நெம்பை விட்டால் எஞ்சின் ஒரு முறை இருமி, பிறகு ஓடத் தொடங்கும். நெம்பைத் தானாக நிறுத்தி வைக்கும் ஸ்பிரிங் எங்கள் வண்டியில் முதல் மாதமே போய்விட்டது. அதனால் தினமும் இரண்டு ஆள் வேண்டும். மாப்ள சுற்றுவார், நான் நெம்பைப் பிடித்துக்கொண்டு எண்ணுவேன். எட்டாவது சுற்றில் விடுவேன்.

"ஏழாவதுலயே விட்டா எஞ்சின் கோவிச்சுக்குமா மச்சான்?"

"மூணு தடவ விட்டுப் பாத்தாச்சு மாப்ள. மூணும் எடுக்கல. பெருவிரல உள்ள மடக்காதீக, ஹேண்டில் திருப்பி அடிச்சா முறிஞ்சுரும்."

"இத இன்னிக்கு எத்தனாவது தடவ சொல்றீக? அதையும் எண்ணுவீகள்ல?"

காலை ஐந்தரைக்கு அவர் வந்துவிடுவார். வண்டி ஓடத் தொடங்கியதும் அது சூடாகும்வரை நான் போடும் காப்பியைக் குடிப்பார். உழவுக்குப் போகாத நாளிலும் எஞ்சினைச் சும்மா ஓட்டி நிறுத்துவது நல்லது என்று யாரோ சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். அதனால் எல்லா நாளும் வருவார். வயலில் நான் ஓட்டும்போது இடப்பக்க மட்கார்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். பாதி என் காதில் விழாது. விழுந்த பாதி எனக்கு அன்றைக்குப் போதும்.

அதன் நிறைகளைச் சொல்கிறேன். காற்றாலேயே ஆறும் எஞ்சின், ரேடியேட்டர் கொதிக்கும் பேச்சே இல்லை. டீசல் குறைவாகக் குடிக்கும். எடை குறைவு, நெல்லுக்குத் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் தொழி உழவில் புதையாது. குறைகளும் இருந்தன. உடம்பெல்லாம் ஆடும். ஆடுகிற ஆட்டத்தில் நட்டுகள் கழன்று விழும். ஒரு தை மாதத்தில் மட்டும் பத்தொன்பது நட்டுகளை வயலில் தேடியிருக்கிறேன், பதினொன்று கிடைத்தன. கலப்பையைத் தூக்க ஹைட்ராலிக் இல்லை, வரப்பில் திரும்பும்போதெல்லாம் இறங்கிக் கையால் நெம்ப வேண்டும். காய்ந்த கரிசலில் ஆழ உழச் சொன்னால் முனகிக்கொண்டு நின்றுவிடும்.

எழுபதுகளின் பின்பாதியில் இரண்டாவது வண்டிக்குப் பேச்சு வந்தது. மூன்று சிலிண்டர், செல்ஃப் ஸ்டார்ட், ஹைட்ராலிக். பழையதைக் கொடுத்துவிடலாம் என்றேன். மாப்ளைக்கு மனமில்லை.

"அது பாட்டுக்கு ஓரமாக் கெடக்கட்டுமே மச்சான். தீனியா கேக்குது?"

நான் நோட்டை எடுத்துவந்து படித்தேன். பழையதைக் கிளப்பச் சராசரி பதினான்கு நிமிடம். திருமங்கலத்தில் போய்ப் பார்த்த புது வண்டிக்கு நான்கு விநாடி. ஒரு ஏக்கர் உழப் பழையதற்கு எத்தனை முறை இறங்கி ஏறுகிறோம், புதியதற்கு எத்தனை, எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் சிரித்தார்.

"இம்புட்டுக் கணக்குக்கு நான் எங்க போறது? சரி, குடுத்துருவோம்."

உசிலம்பட்டிப் பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்து ஓட்டிக்கொண்டு போனார். அவருக்காகவும் மாப்ளதான் ஹேண்டிலைச் சுற்றினார். நான் நெம்பைப் பிடித்தேன். எட்டாவது சுற்றில் எடுத்தது.

புது வண்டி வந்த மறுநாள் எனக்கு நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. பேட்டரி இறங்கியிருக்குமோ என்று ஒரே கவலை. ஐந்து இருபதுக்குக் கொட்டகைக்குப் போய்ச் சாவியைத் திருகிப் பார்த்தேன். திருகியவுடன் எடுத்துக்கொண்டது. மாப்ள வழக்கம்போல் ஐந்தரைக்கு வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. துண்டைத் தோளிலிருந்து எடுத்தவர், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மச்சான், கெளப்பிட்டீகளா?"

"ஒரே திருகுதான் மாப்ள."

"அப்ப நான் எதுக்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

வண்டி நல்ல வண்டி. கரிசலில் ஒன்பது கொழு உள்ள கொத்துக் கலப்பையை முனகாமல் இழுத்தது. குறை என்றால், சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதித்துவிடும், குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டே உழ வேண்டும். முன்பக்கம் எடை குறைவு, கலப்பை கல்லில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கும். பேட்டரியைக் குழந்தையைப் போலப் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் எழுதினேன். மாப்ள வருவதையும் வேறொரு பக்கத்தில் கோடு போட்டு வைத்தேன். முதல் மாதம் இருபத்தாறு. அடுத்த மாதம் பதினொன்று. ஆடியில் நான்கு. கோபம் ஒன்றுமில்லை, வழியில் பார்த்தால் நின்று பேசுவார். அவர் வயலுக்கு உழவு வேண்டுமென்றால் நானே ஓட்டிப்போய் உழுதுவிட்டு வந்தேன். வருவதற்கு வேலை இல்லை, அதனால் வரவில்லை. வேலை இல்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்காரும் பழக்கம் எங்கள் இருவருக்குமே இல்லை. வாருங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. என்ன காரணத்துக்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

ஒரு மழைக்காலக் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ஆள் அனுப்பினேன். மாப்ள இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தள்ளினார். நாற்பது அடி தள்ளியதும் வண்டி எடுத்துக்கொண்டது. அன்று எட்டு மணி வரை இருந்தார், இரண்டு முறை காப்பி குடித்தார். பேட்டரி முனையில் மாட்டியிருந்த வயரின் நட்டுத்தான் தளர்ந்திருந்தது, வேறொன்றுமில்லை. அவர் போன பிறகு முறுக்கிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த நட்டை நானே அரைச் சுற்றுத் தளர்த்தினேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. மறுபடி ஆள் அனுப்பினேன், வந்தார்கள், தள்ளினார்கள். அதற்குப் பிறகும் ஒரு முறை தளர்த்தினேன். அந்த மூன்றாவது தடவை மற்றவர்கள் போனதும் மாப்ள பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். விரலால் நட்டைச் சுழற்றினார்.

"மச்சான், நட்டு கழண்டுருக்கு."

"ஆட்டத்துல கழண்டுருக்கும் மாப்ள."

"பழைய வண்டிக்குல்ல நட்டு கழலும்? இது ஆடவே ஆடாதுன்னு நீங்கதான நோட்டுல எழுதிப் படிச்சீக."

அவரே முறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, காப்பி இருக்கிறதா என்று கேட்டார். அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் ஏதாவது ஒரு சாக்கோடு வந்தார். ஸ்பேனர் கேட்டு வந்தார், ஏற்கெனவே வாங்கிப்போன அதே ஸ்பேனரை மறுபடி கேட்டும் வந்தார். நான் கொட்டகைக்குள் போய்த் தேடுவதுபோல் தேடிவிட்டு வருவேன்.

எண்பதுகளின் நடுவில் கூட்டைப் பிரித்துக்கொண்டோம். இரண்டாவது வண்டி அவருக்குப் போனது. நான் மூன்றாவதை வாங்கினேன். என்னுடைய பன்னிரண்டு ஏக்கருக்கு அது பெரிய வண்டி. எட்டு கியர், நல்ல சீட்டு, எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர். அந்த மீட்டருக்காகவே வாங்கினேன் என்று தங்கை கேலி செய்தாள். ரேடியேட்டர் கொதிக்கவில்லை, முன்சக்கரம் தூக்கவில்லை, ஒரு நாளும் செல்ஃப் ஏமாற்றவில்லை. குறை என்று எழுத நெடுநாள் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு இரண்டு எழுதினேன். தொழி உழவில் இரும்புச் சக்கரம் மாட்டினாலும் தன் எடையாலேயே புதையும். ஏதாவது போனால் திருமங்கலத்தில் சாமான் கிடைக்காது, மதுரை டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். எழுதாத மூன்றாவது, மட்கார்டின் மேல் விளக்கை வைத்துவிட்டார்கள். அதில் யாரும் உட்கார முடியாது.

மாப்ளையின் மகனுக்கு மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஆபீஸ் வேலை. அதன் பக்கத்தில் நாகமலை புதுக்கோட்டையில் வீடு எடுத்து, அம்மாவையும் அப்பாவையும் கூடவே வந்து இருக்கச் சொன்னான். தங்கையின் முட்டிக்கு மதுரையில் வைத்தியம் பார்க்கலாம் என்பது சரியான காரணம், மறுத்துப் பேச இடமில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வண்டியைக் குத்தகைக்காரரிடமே கொடுத்தார்கள். வீட்டுச் சாமான்களை என் டிரெய்லரில் ஏற்றினோம். முப்பத்தேழு உருப்படி. தங்கையும் மாப்ளையும் பின்னால் மெத்தைச் சுருட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். நான் முன்னால் தனியாக ஓட்டினேன். வழியில் மாப்ள ஏதோ சொன்னது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கையை ஆட்டி, ஒன்றுமில்லை, பாதையைப் பாருங்கள் என்றார்.

வீடு ஒரு குறுகலான தெருவின் கடைசியில். சாமான்களை இறக்கி முடிக்கும்போது மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. முப்பத்தேழும் சரியாக இருந்தது. மாப்ள என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னிக்கு இங்கன தங்கிட்டுக் காலையில போங்களேன் மச்சான்."

இத்தனை வருடத்தில் எந்த வேலையும் சொல்லாமல் அவர் என்னை இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

"பம்புசெட்டு ரூமப் பூட்டுனேனா இல்லையான்னு தெரியல மாப்ள. ரெண்டு தடவ இழுத்துப் பாத்த மாதிரி ஞாபகம். மூணாவது தடவ பாக்கல."

"அப்ப சரி, போயிட்டு வாங்க" என்றார்.

திருப்ப இடமில்லாத தெரு. டிரெய்லரோடு பின்னாலேயே போய் மெயின் தெருவில் ஏற வேண்டும். நான் ஓட்டிய எந்த வண்டியிலும் டிரெய்லர் மாட்டிவிட்டால் பின்னால் என்ன இருக்கிறது என்று சீட்டிலிருந்து தெரியாது. ஒரு ஆள் பின்னால் நின்று சொல்ல வேண்டும். மாப்ள போய் நின்றார்.

"வரலாம், வரலாம். எடது பக்கம் ஒடிங்க. நில்லுங்க, நில்லுங்க, செவுரு!"

முன்னால் வந்து நேராக்கி மறுபடி பின்னால் போனேன். மறுபடி சுவர். எனக்கு இரண்டு தடவையில் எடுக்கத் தெரியும், அது அவருக்கும் தெரியும். நான்காவது தடவையில் ஒரு வீட்டிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "பெரியவருக்கு ஓட்டத் தெரியலையா?" என்றார்.

"அவருக்கா தெரியாது?" என்றார் மாப்ள. பிறகு என் பக்கம் குரல் கொடுத்தார். "அவசரமில்ல மச்சான். இன்னொரு தடவ வேணா வாங்க."

முன்னால் வந்தேன். பின்னால் போனேன். அவர் "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஏழாவது தடவையில் வேண்டுமென்றாலும் இடிக்க முடியாதபடி டிரெய்லர் தெரு வாயில் நேராக வந்து நின்றுவிட்டது. அவர் டிரெய்லர் பலகையை இரண்டு முறை தட்டினார். போகலாம் என்று அர்த்தம்.