கோல்ஃபுக்கு நான் கொடுத்த பின்பலம்

போன இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கு நன்றி. மொத்தம் இரண்டு பேர். அதில் ஒருவர் என் மைத்துனர்.

எழுத விஷயம் இல்லாமல் இல்லை. எழுத உட்கார வேண்டுமே... உட்காரத்தான் முடியவில்லை!

எங்கள் கேமரன் மலை கோல்ஃப் மைதானத்துக்கு ஒரு தொழில்முறைப் போட்டி வந்தது. டிவியில் காட்டுகிற அளவுக்கெல்லாம் பெரிய போட்டி இல்லை. ஆனாலும் ஆடியவர்கள் அத்தனை பேரும் ப்ரோ. கோல்ஃப் ஆடியே வீட்டு வாடகை கட்டுகிறவர்கள். உதவிக்குத் தொண்டர்கள் வேண்டும் என்றார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்குச் சொல்கிறேன். தேயிலை எஸ்டேட் ஆபீசில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை மானேஜருக்கு ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. “கிராணி, கோல்ஃப் ஆடத் தெரியுமா?” என்றார். “தெரியும் சார்” என்றேன். முதல் அடியில் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மட்டை மட்டும் பறந்துபோய்ப் புதரில் விழுந்தது. அன்றைக்கு அவர் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருந்தால் என் குடும்பம் பிழைத்திருக்கும். அவரோ சிரித்துவிட்டு, “அடுத்த வாரமும் வா” என்றார்.

அன்று பிடித்த பைத்தியம். இன்றுவரை தெளியவில்லை. நானும் ஒரு ப்ரோவாக ஆகியிருக்க வேண்டியவன், காலமும் முதுகும் சதி செய்துவிட்டன என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி மாலதி மட்டும் நம்பியதே இல்லை.

போட்டிக்கு வருவோம். எனக்குக் கொடுத்த வேலை, கடைசிக் குழிக்குப் போகும் வழியில் புல்வெளி ஓரமாக நிற்பது. ஆட்டக்காரர் மட்டையைத் தூக்கும்போது ‘அமைதி’ என்று மலாயில் எழுதிய பலகையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். இரண்டு நாளாக அந்த வட்டாரத்தில் ஒருவரையும் தும்மவிடவில்லை நான். ஒரு அம்மாள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்ததற்குக்கூட முறைத்தேன்.

இந்த மாதிரிப் போட்டிகளில் இரண்டாம் நாள் முடிவில் ‘கட்’ என்று ஒன்று உண்டு. ஒரு கோடு போடுவார்கள். கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் மிச்ச நாளும் ஆடலாம், சம்பாதிக்கலாம். கீழே இருப்பவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கையில் காசு கிடையாது, வந்த செலவும் சொந்தச் செலவு.

இரண்டாம் நாள் மதியம் கதிரவன் வந்தார். சிரம்பான்காரர், நாற்பதை ஒட்டிய வயது. ஆட்டக்காரர்களில் அவர் ஒருவர்தான் நம் ஆள் என்பதால் காலையிலிருந்தே போனில் அவருடைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகக் கோட்டின் மேல் நின்றார். கடைசிக் குழியை நான்கு அடியில் முடித்தால் தப்பிப்பார். ஐந்து என்றால் காலி.

பலகையை உயர்த்தினேன். தூரத்தில் மட்டை சுழன்றது. அடுத்த நொடி, “ஃபோர்!” என்று ஒரு கத்தல். பந்து ஆள் பக்கம் வருகிறது என்று அர்த்தம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்: அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிக் குனிந்து தலையை மூடிக்கொள்ளுங்கள். நான் சட்டத்தை மதிக்கிறவன். திரும்பினேன். குனிந்தேன். தலையை மூடினேன்.

தலைக்கு ஒன்றும் ஆகவில்லை!

“ஐயோ... அம்மா!” என்று கத்தினேன். இரண்டு நாளாக அந்த மைதானத்தில் கேட்ட மிகப் பெரிய சத்தம் அதுதான். கையில் அமைதிப் பலகை வேறு. முறுக்கு அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

கதிரவன் ஓடி வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. “அங்கிள், அடி பலமா? மன்னிச்சிருங்க அங்கிள்...”

அடியைவிட அந்த ‘அங்கிள்’ வலித்தது. அண்ணே என்று கூப்பிடுகிற வயதில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“என்னைய விடுங்க. பந்து எங்க கிடக்கு பாருங்க!”

பார்த்தார். எனக்கு ஐந்தாறு தப்படி பின்னால் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்புகள், அதற்கப்புறம் காடு. அங்கே போயிருந்தால் அபராதத்தோடு அவர் கதை முடிந்திருக்கும். ஆனால் பந்து என் மேல் பட்டு எகிறிப்போய்ப் புல்வெளி நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

“அலாமாக்!” என்றார்.

நடுவர் வந்தார். தற்செயலாக ஆள் மேல் பட்ட பந்துக்கு அபராதம் இல்லை, கிடக்கிற இடத்திலிருந்து ஆடலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தொழில்முறை கோல்ஃபுக்கு என்னால் ஆன பின்பலம்! நொண்டிக்கொண்டே அவர் பின்னால் போனேன்.

இரண்டாவது அடியில் பந்து குழியைச் சுற்றிய கிரீனுக்குப் போய்விட்டது. மூன்றாவதில் குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மிச்சம் இருந்தது ஒரு குடை நீளம். நான்கூடப் போடுவேன்... சரி, பத்துக்கு ஆறு தடவை போடுவேன்.

கதிரவன் குனிந்தார். தள்ளினார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றது.

கூட்டம் “ச்ச்” கொட்டியது. கதிரவன் மிச்சத்தை மெதுவாகத் தட்டிப் போட்டார். தொப்பியைக் கழற்றி கூட ஆடியவருக்குக் கை கொடுத்தார். குழிக்குள்ளிருந்து பந்தை எடுக்கக் குனிந்தவர் நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று.

முதலுதவியில் ஏதோ களிம்பு தடவி அனுப்பினார்கள். பிரிஞ்சாங் டவுனில் ஜமால் பாய் டீக்கடைக்குப் போனேன்.

“உக்காருங்க சார்.”

“பரவால்ல பாய், நிக்கிறேன்.”

“என்னா சார், நம்ம கடையில நாக்காலிக்கா பஞ்சம்? உக்காருங்க லா!”

எப்படிச் சொல்வது? அப்போது பார்த்தால், கல்லா பக்கத்தில் இன்னொருவரும் நின்றுகொண்டே தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். கதிரவன்.

“ஹோட்டல் ரூம காலி பண்ணிட்டேன் அங்கிள். மலையை விட்டு எறங்கத்தான் மனசு வரல.”

“வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல. இந்தத் தடவயும் கட்டுல நிக்கலன்னா விட்டுர்றேன்னு வீட்டுக்காரிக்கிட்ட சொல்லிட்டு வந்தேன். சிரம்பான்ல ஒரு எடத்துல சொல்லிக் கொடுக்கக் கூப்புடுறாங்க. போன் பண்ணா அது முடிவாயிரும்ல?” டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “கடைசி புட் தள்ளுறப்ப குழி தெரியல அங்கிள். மகளோட ஸ்கூல் பஸ் காசுதான் தெரிஞ்சிச்சு.”

பத்தி எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. யார் கஷ்டத்தைச் சொன்னாலும் உடனே அறிவுரை தொண்டை வரை வந்துவிடும். எனக்கும் வந்தது. நல்லவேளை, அதற்குள் அவர் கேட்டுவிட்டார்: “நீங்களும் ஆடுவீங்களா அங்கிள்?”

“போச்சு!” என்றார் ஜமால் பாய். “இனிமே சார நிறுத்த முடியாது.”

என் வீடு எஸ்டேட்டை ஒட்டித்தான் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவின் கீழே ஒரு பழைய கால்பந்துத் திடல். அங்கேதான் தினமும் என் பயிற்சி. வாங்க, ஒரு நிமிடம் என் ஆட்டத்தைப் பாருங்கள் என்று அழைத்தேன். நினைத்துப் பாருங்கள், அன்றைக்குத்தான் தோற்றுப் போன மனிதரிடம்! ஆனாலும் வந்தார். அவர் கார் ஓட்ட, நான் பின்சீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டே வழி சொன்னேன்.

திடலில் என் மட்டையை எடுத்தேன். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு ப்ரோவின் முன்னால்... மூச்சை இழுத்துச் சுழற்றினேன். வலி ஒரு பக்கம் இழுக்க, பந்து இன்னொரு பக்கம் போய் கோழிக்கூண்டில் விழுந்தது.

கதிரவன் கோழிக்கூண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எப்படி இருந்துச்சு?”

“அங்கிள், இத யாரு சொல்லிக் கொடுத்தா?”

“நானாத்தான் கத்துக்கிட்டேன்.”

“அதான் பாத்தேன். வேற யாரும் இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.” சொன்னவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் அடக்கப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மாலதி எட்டிப் பார்த்தாள். “தம்பி, இவருக்கு மட்டும் ஒண்ணும் சொல்லிக் கொடுத்துராதீங்க! இப்பவே வீட்டுல தங்குறதில்ல.”

“பயப்படாதீங்கக்கா. இவுரு தப்பெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பழகிப் போச்சு. எதையாவது மாத்துனா மத்தது கோவிச்சுக்கும்.”

ப்ரோ கனவு அங்கேயே செத்தது. வருத்தமா? இல்லை. ஒரு நிபுணர் கையால் செத்ததே என்று பெருமையாகத்தான் இருந்தது. ஒன்று கவனித்தீர்களா? மாலதி அக்கா, நான் அங்கிள்!

அப்புறம் என் மட்டையை அவர் வாங்கினார். கால் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அடித்தார். பந்து சாய்ந்த கோல் கம்பத்துக்கு மேலே எழும்பி, தேயிலைச் சரிவைத் தாண்டி, மஞ்சள் வெயிலில் ஒரு நிமிடம் தொங்குவது மாதிரி நின்று இறங்கியது. இன்னொன்று. வேண்டுமென்றே வளைத்து ஒன்று. இடது கையால் ஒன்று. அது தப்பாகப் போனபோது “ஹையா!” என்று அவரே கத்தினார்.

போன் அடித்தது. அவர் மனைவி. ஸ்பீக்கரில் போட்டார், கையெல்லாம் மண்.

“என்னாங்க, எங்க இருக்கீங்க? வேலை முடிஞ்சிருச்சா?”

கதிரவன் என்னைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார்.

“கட் போயிருச்சுமா. முடிஞ்சிருச்சு... இப்ப சும்மா வெளாடிக்கிட்டு இருக்கேன்.”

“நீங்களா? வெளாடுறீங்களா?” என்றது அந்தப் பக்கத்துக் குரல். அப்புறம் மெதுவாக, “சரி... வெளாடிட்டு வாங்க” என்றது.

அவர் கண் கலங்கியது. நான் மரியாதையாகக் கோழிக்கூண்டுப் பக்கம் பந்து தேடப் போய்விட்டேன்.

ஒரு விஷயம் அன்றைக்குத்தான் உறைத்தது. ப்ரோ ஆகவில்லையே என்று இத்தனை வருடம் ஏங்கினேன். கோல்ஃப் எனக்குச் சோறு போட்டிருந்தால், குழியைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கும் வாடகையும் பஸ் காசும்தானே தெரிந்திருக்கும்? அது எனக்கு ஒன்றுமே தராததால்தான் இன்னும் காதலி மாதிரி இருக்கிறது.

நேற்று கதிரவன் போன் செய்தார். சிரம்பான் வேலையில் சேர்ந்துவிட்டாராம். வாரத்தில் ஆறு நாள் சொல்லிக் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நண்பர்களோடு ஆட்டம். போன வாரம் ஒரு பல் டாக்டரிடம் தோற்றுவிட்டாராம். சொல்லும்போது குரலில் அப்படி ஒரு குஷி!

சிரித்துக்கொண்டே தோற்கிற இந்த ஒரு கலையில் மட்டும் அவர் எனக்கு ஜூனியர்.