பொனாரியா மறைத்த நடை

இத்தாலியைச் சேர்ந்த எங்கள் சார்டீனியாத் தீவில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் அவ்வளவு சகஜம்; யாரும் விளக்கம் கேட்பதில்லை. என் மாமா வீட்டில் அது இரண்டு பெண்களையும் பிடித்துக்கொண்டது. மூத்தவள் நெவீனா, இளையவள் பொனாரியா. கல்யாணம் செய்துகொள்ளாமல் ரொட்டி சுட்டு விற்றுப் பிழைத்தவர்கள். நரம்பு கெட்டுக் கால் ஓய்ந்ததும் ஒரே வீட்டில் இரண்டு சக்கர நாற்காலிகள்.

கலியாரி நகர மருத்துவமனைக்கு நடை பழக்கும் ரோபோ வந்தபோது இருவரையும் நான்தான் காரில் ஏற்றிப் போனேன். இடுப்பில் வார் போட்டுத் தொங்கவிட்டு, இயந்திரக் கால்களோடு நம் கால்களைக் கட்டி நடக்க வைப்பார்கள். நெவீனாவின் கால்கள் விறைத்து மடங்கவே இல்லை. எலும்பு முறிந்துவிடும் என்று சேர்க்க மறுத்தார்கள். பொனாரியாவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கோடை முடிவதற்குள் அவள் கம்பு ஊன்றி மருத்துவமனைத் தாழ்வாரத்தைக் கடந்துவிட்டாள். நான் அழுதேவிட்டேன். அவளுக்கோ திருடி மாட்டிக்கொண்டவளின் முகம். காரில் ஏறியதும், "அக்காகிட்ட வாயத் தொறக்காத. அவ பங்கையும் நானே தின்னுட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

வீட்டில் மறுபடி நாற்காலிதான். வீட்டிலும் நடக்காவிட்டால் ரோபோ கொடுத்ததெல்லாம் போய்விடும் என்று பயிற்சியாளர் எச்சரித்தார். அப்படியே ஆனது. மருத்துவமனைத் தாழ்வாரத்தைக் கடக்க முடியாமல் பாதியிலேயே நின்றுவிட ஆரம்பித்தாள். பொய் சொல்வது அவரவர் பாடு. அதில் என்னையும் கூட்டுச் சேர்த்ததுதான் எனக்கு எரிச்சல். நெவீனா வேறு ஒவ்வொரு முறையும் மிஷின் வேலை செய்கிறதா என்று ஆசையாகக் கேட்பாள். ஒன்றும் இல்லை என்பாள் இவள், தலை நிமிராமல்.

சென்ற வாரம் மூவரும் ரொட்டி சுட்டோம். எங்கள் ரொட்டி அடுப்பில் பூரி போல உப்பும். உடனே எடுக்காவிட்டால் கருகிவிடும். நான் விறகெடுக்கத் திரும்பிய நேரம் ஒன்று புகைந்தது. பொனாரியா எழுந்து, இரண்டு எட்டு வைத்து, மரத் துடுப்பால் அதை வெளியே இழுத்துப் போட்டாள். அப்புறம்தான் தான் நிற்பது அவளுக்கே உறைத்தது.

"மன்னிச்சுடுக்கா. உன் பங்கையும் நானே தின்னுட்ட மாதிரி இருந்துச்சு..." என்று அழுதாள்.

நெவீனா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, எத்தனை நாளாக என்று கேட்டாள். கோடையிலிருந்து என்று நான்தான் சொன்னேன்.

"உன் காலுக்காக மாதாகிட்ட தினமும் மன்றாடிட்டு இருந்தேன்டி" என்றாள். "நடந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தச் சந்தோஷமாவது எனக்குக் கெடச்சிருக்கும். என் பங்க நீ தின்னது அதுலதான்."

பொனாரியா தளர்ந்துபோய் நாற்காலியைத் தேடிக் கையைப் பின்னால் நீட்டினாள்.

"உக்காராத" என்றாள் நெவீனா.