அர்ச்சகர் எண்ணிலிருந்து வந்த செயலி

மல்லேஸ்வரத்தில் எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கு, அர்ச்சகர் எண்ணிலிருந்து ஒரு செயலி வந்தது. வீட்டிலிருந்தே அபிஷேகம் பார்க்கலாமாம். முகப்பில் முருகன் படம். போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செயலியை ஏற்றினேன்.

அது மூன்று அனுமதிகள் கேட்டது. கேமராவுக்கும் தொடர்பு எண்களுக்கும் சம்மதித்தேன். மூன்றாவதாக, என் குறுஞ்செய்திகளைப் படிக்க வேண்டுமாம். பென்ஷன் கணக்கின் ஓடிபி அதில்தானே வருகிறது! அபிஷேகம் காட்ட அது எதற்கு? அர்ச்சகரையே போனில் கூப்பிட்டேன்.

"நான் எங்க அனுப்பினேன், மாமா? என் போன் தன்னால எல்லாருக்கும் அனுப்பறது. என் பேங்க் கணக்கே காலி! நீங்களும் மூணுக்கும் சரின்னுட்டேளா?"

"ரெண்டுக்குத்தான்."

"பொழச்சேள்!"

உடனே செயலியை நீக்கிவிட்டு வங்கிக்கு ஓடினேன்.

இப்போதெல்லாம் யார் எண்ணிலிருந்து எது வந்தாலும், அவரைக் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகே தொடுகிறேன். கும்பிடுவதைக் கோயிலோடு நிறுத்திக்கொண்டேன். போனில் முருகனே வந்தாலும் விசாரிக்கிறேன்.